மாலை போட்ட படம்

எனக்குச் சந்தேகம் கூடவே பொறந்தது. யாராவது ஓவராப் புகழ்ந்தா, எதைப் பிடுங்கப் போறாங்களோன்னுதான் முதல்ல தோணும்.

தொண்ணூறுகளின் கடைசி, கலிஃபோர்னியாவுல ஃப்ரீமான்ட்ல இருந்தோம். வேலைக்கு வந்தவங்களோட துணைக்குக் குடுக்கிற எச்-4 விசாவுல சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, சும்மா உழைக்கலாமாம். அதனால சனிக்கிழமைகள்ல சான் ஹோசேயில ஒரு மியூசியத்துல வாலன்டியரா நின்னேன். அன்னைக்கு ஒரு அமெரிக்கப் பூர்வகுடி அம்மாவுக்கு விழா. சினிமா எடுப்பாங்க, ஓவியமும் வரைவாங்க. ஆயுசு முழுக்கச் செஞ்ச வேலையெல்லாம் ஹால்ல இருந்துச்சு.

வாசல்ல அவங்களோட பெரிய ஃபோட்டோ. அதுக்கு மாலை. கீழே குட்டிக் குட்டி விளக்கு. அய்யய்யோ, போய்ச் சேர்ந்துட்டாங்களா! யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே! விழா கெட்டுடும்னு மறைக்கிறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். செருப்பை ஓரமாக் கழட்டிட்டுக் கும்பிட்டேன்.

"என்ன பண்றே?"ன்னு பின்னாடி ஒரு குரல். திரும்பினா அதே முகம், உயிரோட! பயத்துல உளறிட்டேன். "எங்க ஊர்ல செத்தவங்க படத்துக்குத்தான் மாலை போடுவோம்."

சிரிப்பாங்கன்னு பார்த்தேன். சிரிக்கல. "இந்த மியூசியக்காரங்களும் என்னை முடிஞ்சு போனவளாத்தான் நினைக்கிறாங்க"ன்னாங்க. அவங்களோட அடுத்த படம் பாதியில நிக்குது. அதை முடிக்க, அவங்க அம்மா பேசுற பழைய ரீல் வேணும். அது மியூசியம் கையில. பாதுகாக்கத் தாங்கன்னு எப்பவோ வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம். மாசக்கணக்காக் கேட்டாலும் 'பார்க்கலாம்'கிற பதில்தான்.

அப்புறம் மேடையில மியூசியம் டைரக்டர் "பொக்கிஷம், பொக்கிஷம்"னு உருகினப்போ எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. பேச்சு முடிஞ்சதும் அந்த அம்மா மைக்கை வாங்கி, எல்லார் முன்னாடியும் ரீலைக் கேட்டாங்க. கூட்டம் கைதட்டிருச்சு. இனிமே மழுப்ப முடியாதே? டைரக்டர் சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டு வரச் சொன்னார்.

ஒரு ஆள் ரீல் இருந்த தகர டப்பாவோட வந்தார். அந்த அம்மா ரெண்டு கையையும் நீட்டினாங்க. அவர் முதல்ல குடுத்தது ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. "போட்டுக்கிட்டு இங்கேயே பார்த்துட்டுக் குடுத்துடுங்க."

"எங்கம்மாவைத் தொட எனக்கு எதுக்குய்யா உறை?"

சொல்லிட்டு வெறுங்கையாலேயே டப்பாவைப் பிடிச்சாங்க. அந்த ஆள் விடல.