அபிஷேகப் பாலும் ஒரு மாத்திரையும்

வேப்பங்குச்சியால் பல் துலக்கியபோது ஈறில் கசிந்த இரத்தம், பலமுறை கொப்பளித்தும் நிற்கவில்லை. அன்று முருகன் கோயிலில் பதிகம் ஓதுகையில், அடிக்கு அடி உப்புச் சுவையை விழுங்கினேன். முழங்காலுக்குக் கீழே கடுகு தெறித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

“கொசு கடிச்சா அரிக்கணும். இது அரிக்கலியே,” என்றாள் என் மனைவி. “பொறப்படுங்க. சாமி எங்கியும் போவாது.”

ஜவ்வாது மலையடிவாரச் சிற்றூர் எங்களுடையது. ஒடுகத்தூரில் இரத்தம் சோதித்தவர், முடிவைச் சொல்லாமல் மறுபடியும் இரத்தம் எடுத்தார். அதே முடிவு வரவே, அன்றே வேலூருக்குப் போகச் சொன்னார்.

தட்டணுக்கள் (காயத்தில் இரத்தத்தை உறையச் செய்யும் நுண்ணணுக்கள்) மிகவும் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜையையும் சோதித்தபின், உடலின் நோய்த்தடுப்பு ஆற்றலே அவற்றைப் பகையென்றெண்ணி அழிக்கிறது என்றார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்தால் உயிர் போகலாம். உயிர் தங்கினாலும் பேச்சும் நினைவும் போகலாம். நான் பின்னதற்கே அஞ்சினேன். ஏடின்றி ஓதுபவன் நான். பாடல்கள் யாவும் நெஞ்சிலேயே இருக்கின்றன.

ஸ்டீராய்டு (நோய்த்தடுப்பு ஆற்றலை அடக்கும் மருந்து) கொடுத்தபோது தட்டணுக்களின் எண் ஏறியது. அளவைக் குறைத்ததும் விழுந்தது. பிறகு, மஜ்ஜையைத் தூண்டித் தட்டணுக்களைப் பெருக்கும் வேறொரு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். பாலோ தயிரோ சேரலாகாது. மனைவி மோர்ச்சட்டியை என் கண்ணிலேயே காட்டவில்லை. நானும் கடுங்காப்பிக்குப் பழகினேன். ஆயினும் எண் அசையவில்லை. அளவைக் கூட்டியும் பயனில்லை.

மண்ணீரலை (இடது விலாவின்கீழ் இருக்கும், தட்டணுக்கள் பெரிதும் அழிக்கப்படும் உறுப்பு) அகற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. ஒப்புதல் பெற வந்த பெண் மருத்துவர், நாற்காலியை என் கட்டிலருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“கையெழுத்து அப்புறம் ஐயா. காலையில எழுந்ததுல இருந்து இன்னா இன்னா செய்றீங்க, சொல்லுங்க.”

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று பலர் கேட்டிருந்தார்கள். ஆம் என்று விடையளித்திருந்தேன். இப்படி எவரும் கேட்டதில்லை. குளியல், திருநீறு, கோயில், பதிகம் என்று வரிசையாகச் சொன்னேன். “அபிஷேகம் முடிஞ்சதும் குருக்கள் ஒரு டம்ளர் பால் குடுப்பாரும்மா. அதுலதான் மாத்திரைய முழுங்குவேன்.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “வூட்ல ஒரு கரண்டி மோர் கேட்டதுக்கு நான் குடுக்கலியே. தெனம் டம்ளர் டம்ளரா பால் உள்ள போவுதா?”

“அது பால் இல்ல. பிரசாதம்,” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

மருத்துவர் சிரிக்கவில்லை. “உங்க பக்குவம் மாத்திரைக்கு வரலீங்க ஐயா. அதுக்கு எல்லாமே பால்தான்,” என்றார். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும் என்று விளக்கினார்.

“அப்ப கோயில் பாலை நிறுத்திடணுமா?”

“வேணாங்க. மாத்திரைய ராத்திரிக்கு மாத்துவோம். மத்தியானத்துக்கு மேல பால், தயிர் தொடாதீங்க. ஆனா எண் இப்பவும் கொறச்சல்தான். ரெண்டு வாரம் பொறுக்கிறதுலயும் ஆபத்து இருக்கு. தலை வலிச்சா பஸ்ஸுக்கு நிக்காம நேரா வந்துடுங்க. இல்ல, இப்பவே ஆபரேஷன்னாலும் சரி. நீங்கதான் சொல்லணும்.”

பொறுக்கிறேன் என்றேன்.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில், ஓதிக்கொண்டிருக்கையில் பிடரியிலிருந்து வலி ஏறியது. வீடு வந்து சொன்னதும் மனைவி என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பதிகம் பக்கம் ஒருநாளும் வந்திராதவள், “எங்க வுட்டீங்களோ அங்கேர்ந்து சொல்லுங்க,” என்றாள். சொன்னேன். “அடுத்த வரி.” சொன்னேன். தடுமாறவில்லை. ஆயினும் ஆட்டோவை வரவழைத்துவிட்டாள். வேலூர் சேரும்வரை என்னை நிறுத்தவிடவில்லை. பாடல் தீர்ந்தால் வேறொன்று. ஓட்டுநரும் ஒலிப்பெட்டியை அணைத்துவிட்டார்.

ஸ்கேனில் கசிவு இல்லை. அன்று எடுத்த இரத்தத்தில், இந்த மாத்திரை தொடங்கியபின் முதன்முறையாக எண் மேலே நகர்ந்திருந்தது. அறுவை தள்ளிவைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை.

இந்நோயுடன் இருப்போர்க்கு ஒன்று சொல்வேன்: மருத்துவரிடம் மருந்தை மட்டும் சொல்லாதீர்கள்; உங்கள் நாளை முழுவதுமாகச் சொல்லுங்கள்.

தட்டணுவின் ஆயுள் பத்து நாளுக்குள் முடியுமாம். சென்ற கிருத்திகையில் என்னுள் ஓடியவற்றுள் ஒன்றுகூட இன்றில்லை. அதை அறிந்தபின், எனக்கு இத்தனை வயது என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

தலை, கண், செவி, கை என்று உறுப்புகளை ஒவ்வொன்றாக அழைத்து இறைவனை வணங்கச் சொல்லும் பாடல்கள் நம்மிடம் உண்டு. மண்ணீரலை எவரும் அழைத்ததில்லை. நானும், அதை இழக்க நேர்ந்தபோதுதான் அப்படியொன்று என்னுள் இருப்பதை அறிந்தேன். இப்போது ஓதும்போது, ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே மூச்சு வாங்குமிடத்தில், என் கை தானாக இடது விலாவின்கீழ் போய்த் தங்குகிறது.