இரண்டு மணி வகுப்புக்குப் போகும் பஸ்

திருச்சிக்குப் படிக்க வந்த புதிதில் என்னைக் கைவிட்டது என் முகம்தான். ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள் நான். கையில் மலேசியப் பாஸ்போர்ட். ஆனால் முகத்தையும் பேச்சையும் பார்த்தால் பக்கத்துத் தெருப் பெண் மாதிரி இருந்ததால், நான் வெளிநாட்டு மாணவி என்று யாருக்கும் தோன்றவே இல்லை. என் வகுப்பில் கென்யாவிலிருந்து வந்த ஒருவன் இருந்தான். அவன் ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் போதும், நாலு பேர் வந்து வழி சொல்வார்கள். அதே இடத்தில் நின்று நான் கேட்டால், "ஏம்மா, இதுகூடத் தெரியாதா?" என்பார்கள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இரண்டு முறை அப்படிப் பேச்சு வாங்கியதும், இனி ஒருவரிடமும் வழி கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டு விமானம் ஏறியவள் வேறு. அந்த வீம்பும் கூடவே வந்திருந்தது.

எங்கள் கல்லூரிக்கு இரண்டு வளாகங்கள். காலை வகுப்புகள் தில்லை நகர்ப் பக்கம். மதியம் இரண்டு மணிக்கு லேப், காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில். நடுவே கல்லூரி பஸ் கிடையாது. ஒரு மணிக்கு மணி அடித்ததும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல ஓடி, ஷேர் ஆட்டோ பிடித்து, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்குவேன். லேப் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்: இரண்டு மணிக்கு மேல் வந்தால் ஆப்சென்ட். மூன்று ஆப்சென்ட் ஆனால் முதல் இன்டர்னல் தேர்வு எழுத முடியாது.

சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ்கள் இரண்டு விதம். முகப்பில் ரோஸ் பெயிண்ட் அடித்த அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். தனியார் பஸ்ஸில் எல்லோருக்கும் டிக்கெட் உண்டு, கூடவே காதைப் பிளக்கும் பாட்டும் உண்டு. நான் ரோஸ் பஸ்ஸில் ஏறுவதே இல்லை. இந்த ஊரில் சிம் கார்டு வாங்கப் போனாலும் ஆதார், பாங்கில் கணக்குத் தொடங்கப் போனாலும் ஆதார். இலவசம் என்றால் கேட்காமல் விடுவார்களா? எல்லார் முன்னாலும் கண்டக்டர் என்னை இறக்கிவிடுவார் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

கேட்கவில்லை. ரோஸ் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போகும். நான் ஏறிய தனியார் பஸ் ஆள் நிரம்புகிற வரை உறுமிக்கொண்டே நிற்கும். சீட்டில் இருப்புக் கொள்ளாமல் எழுந்து படிக்கட்டுக்கு வருவேன், திரும்பவும் போய் உட்காருவேன். நிமிடத்துக்கு ஒருமுறை போனில் மணி பார்ப்பேன். இரண்டு முறை லேப் கதவு சாத்திய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். தட்ட வெட்கமாக இருந்தது. ஆற்றங்கரையில் அம்மா மண்டபம் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தேன், காரணமில்லாமல் திரும்பியும் நடந்தேன்.

மூன்றாவது முறை, ஒன்றே முக்காலுக்கும் தனியார் பஸ் நகரவில்லை. குதித்து இறங்கி, கிளம்பிக்கொண்டிருந்த ரோஸ் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். கண்டக்டர் கிட்டே வந்ததும் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"என்னம்மா இது?"

"எனக்கு ஆதார் இல்லைங்க."

"அதை யாரு கேட்டா? உள்ள வெச்சுக்கம்மா, கூட்டத்துல தொலைஞ்சிடப் போவுது." இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. ஆற்றைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. இரண்டு பத்துக்கு லேப் கதவைத் தட்டினேன்.

"எத்தனாவது தடவை?" என்றார் மேடம்.

"மூணாவது, மேடம். எந்த பஸ்ல ஏறணும்னு தெரியலை."

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. லேப் கோட்டின் பித்தான்களைப் போட்டுக்கொண்டு மேசை முன்னால் தயாராக நின்ற கென்யாக்காரனைக் காட்டினார்.

"அவனுக்குத் தமிழ்ல நாலு வார்த்தை தெரியாது. ஒரு நாளும் லேட்டா வந்ததில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. உனக்கு வாயும் இருக்கு, தமிழும் இருக்கு. அப்புறம் என்னம்மா?"

ஆப்சென்ட் விழுந்தது; தேர்வும் போயிற்று. அன்று எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அவனிடம் போய், "உன்னோடு வரட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் என்னைச் சத்திரத்துக்கு அழைத்துப்போனான். நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நாலடி தள்ளி வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவனைப் பார்த்ததும், "தம்பி, இது வேணாம், பின்னாடி வர்றதுதான் சீக்கிரம் போவும்!" என்று கையைக் காட்டினார். அவனுக்கு வார்த்தை புரியவில்லை, கை புரிந்தது.

பிறகு அவர் பார்வை என்மேல் விழுந்தது.

"நீ தெனம் இங்கதானே நிக்கிறே? யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கிறேன்னுல்ல நெனச்சேன். ஊருக்குப் புதுசா கண்ணு?"

கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"ஆமாங்க்கா, புதுசு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு தேர்வு செலவாகியிருந்தது.