அப்பா ஆக்கிய கட்டுச்சோறு

எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளே, திருகைக் கல்லின் மேல், மஞ்சள் துணியில் கட்டிய ஒரு மூட்டை. கதவில் பூட்டு. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் அப்பா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். அப்பாவை நினைக்கும்போதெல்லாம் அவருடைய முகத்துக்கு முன்னால் அந்த முதுகுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டியில் மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்துபோன முதுகு. ஊரில் இருக்கும் மூட்டையையெல்லாம் தூக்கியவருக்குத் தன் மூட்டை ஒன்று கைக்கு எட்டாமல் போயிற்று.

அது யுத்த காலம். அம்மா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அப்பா, நான், என் தங்கை. அக்காவைத் திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதத்திலேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் அழைத்து வந்திருக்க வேண்டும். அப்போது அப்பா இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். எட்டாம் மாதம் இரட்டைப்படை, ஆகாது. ஒன்பதாம் மாதமும் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. அதே வாரத்தில்தான் நான் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைக் கண்டவன் நான் ஒருவனே. அந்த வேலை எங்கள் தெருவுக்கே ஒரு திருவிழா மாதிரி. அப்பாவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்தைச் சொன்ன வாயாலேயே, "நீயும் போயிட்டா வூட்ல யார்ரா இருப்பாங்க? பெரியவள எப்பிடியாவது இட்டாந்துடணும்" என்றார். அந்த வாரம் முழுவதும் அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான். ஒரு பிள்ளை வெளியே போவதற்குள் ஒரு பிள்ளை உள்ளே வந்துவிட வேண்டும்.

மண்டியில் புதன்கிழமை மட்டும்தான் விடுவார்கள். வியாழன் அஷ்டமி, வெள்ளி நவமி, சனிக்கிழமை அக்காவுக்குப் பத்தாம் மாதம் பிறந்துவிடும். ஆகவே புதன்தான். ஆனால் புதன்கிழமை வடக்கே சூலம். திண்டிவனம் வடக்கில் இருக்கிறது. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. முன்கூட்டியே ஒரு நல்ல வேளையில், கொண்டு போக வேண்டிய மூட்டையை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். பிறகு எந்தக் கிழமையில் கிளம்பினாலும் தோஷமில்லை. மூட்டை மட்டும் திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது. அப்படித்தான் திங்கட்கிழமை காலை, அக்காவுக்கு எடுத்த புடவை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம் எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் கட்டி எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தார். தனிக்கட்டையான அந்தப் பெரியம்மாதான் புதன்கிழமை விடியலில் கட்டுச்சோறு ஆக்கி, பெண்பிள்ளைத் துணையாக எங்களோடு வருவதாகவும் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மயிலத்திலிருந்து ஆள் வந்தது. பெரியம்மாவின் தங்கை கிணற்றடியில் வழுக்கி விழுந்து பேச்சில்லாமல் கிடக்கிறாள் என்று செய்தி. பெரியம்மா அழுதுகொண்டே ஓடியவள், கை பழகிய பழக்கத்தில் கதவைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டு போய்விட்டாள். நாங்கள் யாருமே வீட்டில் இல்லை. பூட்டைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரித்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

"பூட்ட ஒடைச்சிடலாம்பா" என்றேன்.

"ஒண்டியா இருக்கிற பொம்பள வூட்டுப் பூட்ட ஒடைக்கிறதா? படிச்சவன் பேசுற பேச்சா இது?"

"அப்ப வேற வளையல் வாங்கிக்கலாம்."

"வாங்கலாம். ஆனா பயணம் உள்ள கெடக்குதேடா."

தங்கை, "மயிலத்துல எறங்கி பெரியம்மாகிட்ட சாவி வாங்கிக்கலாம்பா" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கிக்கினு? மறுபடியும் இங்க வந்து தொறக்கிறதா? நல்ல பேஜாரு." சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவர், உள்ளே இருந்த மூட்டையைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "நீ முன்னால போயிக்கினு இரு. நாங்க பின்னாலயே வர்றோம்" என்றார்.

அதன் பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். கட்டுச்சோறு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஐந்து வகையாவது வேண்டும். அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம். இருந்த அரிசியில் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று நான்கை எப்படியோ தேற்றினார். ஐந்தாவதுக்கு அரிசி இல்லை. கேப்பை மாவைப் பிசறி, வெல்லம் போட்டுப் புட்டு அவித்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள் தாளிக்கும் கரண்டியைப் பிடித்திருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் வேடிக்கையாக இல்லை. அவர் கிண்டிக்கொண்டே, "உப்பு போட்டாச்சா?" என்று கேட்டார். என்னைப் பார்த்தும் கேட்கவில்லை, தங்கையைப் பார்த்தும் கேட்கவில்லை. ஒரு கணம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, "போட்டாச்சி" என்று தானே சொல்லிக்கொண்டார்.

என் டிரங்குப் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அக்காவை அழைத்துக்கொண்டு அவர்கள் திரும்புவது, திண்டிவனத்தில் நான் சென்னை ரயில் ஏறுவது என்று ஏற்பாடு. பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உலையைக் கட்டி, கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையிலேயே வண்டியை ஓட்டினார்கள். விக்கிரவாண்டி தாண்டி ஒரு சிறு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாம் இறங்கித் தள்ளினோம். தள்ளிய தள்ளலில் வண்டி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. உள்ளே தங்கையின் மடியில் இருந்த புளிச்சோற்றுத் தூக்கு கவிழ்ந்து, சோறெல்லாம் கால்களுக்கு நடுவே சிதறியது. அவள் ஓவென்று அழுதாள்.

அப்பா அவளைத் திட்டவில்லை. மீதித் தூக்குகளைப் பார்த்தார். "நாலா? நாலு ஆவாதே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு எலுமிச்சஞ்சோற்றைத் திறந்து, தள்ளின ஆட்களுக்கெல்லாம் கைக்கு ஒரு பிடியாக வைத்தார். கண்டக்டர் வாயில் போட்டுக்கொண்டே, "இன்னா பெரியவரே, சீரு பொண்ணுக்கா, பஸ்ஸுக்கா?" என்றான்.

"ரெண்டும் மாசமாத்தாம்பா இருக்குது. நவுர மாட்டேங்குதே."

பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தெரிந்து அம்மா போன பிறகு அப்பா சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. சிரித்து முடிந்ததும் அவர் மூன்று தூக்குகளையும் தன் மடியில் வாங்கி, இரண்டு கைகளாலும் அணைத்தபடி உட்கார்ந்துகொண்டார். அக்கா ஊர் போய்ச் சேரும்வரை அந்தக் கைகள் எடுபடவில்லை.

அக்காவின் மாமியார் வாசலிலேயே எங்களை எண்ணிப் பார்த்துவிட்டாள். ஆண் இரண்டு, சிறு பெண் ஒன்று. "பொம்பளைங்க பின்னால வராங்களாண்ணே?" என்றாள். அப்பா நடந்ததையும் தூக்குகளில் இருப்பதையும் சொன்னார். அவள் மோவாயில் கைவைத்துக்கொண்டாள்.

"புடவையும் இல்ல, வளையலும் இல்ல, கூட ஒரு பொம்பளயும் இல்ல. மூணே மூணு தூக்கு. அதுலயும் கேப்பை. கட்டுச்சோத்துல கேப்பை வைக்கிறது எந்த ஊரு வழக்கம்ணே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கதவுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வயிறும் புடவைத் தலைப்பும் மட்டும் தெரிந்தன.

"கோச்சிக்காதண்ணே" என்று மாமியார் குரலைத் தணித்தாள். "பொம்பள இல்லாத வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்பிடி அனுப்புறது? ராவுல வலி எடுத்தா யாரு பாப்பாங்க? நீயா பாப்ப?"

அவள் கேட்டது நியாயம். பதில் தேடித்தான் நானும் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து வெகு நேரமாகியும் துண்டை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "பையன் இன்னிக்கு மெட்ராசுக்குப் போறான் தங்கச்சி. வூடு வெறிச்சின்னு கெடக்குது. அதான்." அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் வாதாட அவருக்குத் தெரியாது.

அக்கா வெளியே வந்து உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். முதலில் கேப்பைப் புட்டைத்தான் எடுத்தாள். குனிந்த தலை நிமிராமல் தின்றாள். மாமியாரும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். "யாரு ஆக்கினது?" என்றாள்.

"அப்பாதான்" என்றாள் தங்கை. "கையைக்கூட சுட்டுக்கினாரு."

மாமியார் எழுந்து உள்ளே போனாள். முடிந்தது, அனுப்பப் போவதில்லை என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவள் கக்கத்தில் ஒரு துணிமூட்டை இருந்தது. மூத்த மருமகளைக் கூப்பிட்டு, "மாட்டப் பாத்துக்க. ஆம்பள அடுப்பூதி ஆக்கியாந்த சோத்தத் தின்னுட்டு வெறுங்கையா அனுப்புனா ஊரு என்னைத்தான் சிரிக்கும். நானும் கூடப் போறேன்" என்றாள். சம்பந்தி வீட்டுக்குப் போய் மாமியாரே மருமகளுக்குப் பேறு பார்ப்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத சங்கதி. நாங்கள் விழித்துக்கொண்டு நின்றோம். அவளோ, "இன்னாண்ணே நிக்கிற? நாளைக்குத் தெக்கே சூலம். இன்னிக்கே ஜல்தியா கெளம்பு" என்று எங்களை விரட்டினாள்.

திண்டிவனம் ஸ்டேஷனில் விழுப்புரம் போகும் வண்டி முதலில் வந்தது. வண்டி முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். அக்காவையும் மாமியாரையும் தங்கையையும் பெண்கள் பெட்டியில் ஏற்ற அப்பா ஓடினார். தண்ணீர்ச் செம்பை எடுக்கத் திரும்பி ஓடினார். வண்டி நகர்ந்த பிறகு வேறு பெட்டியின் படியில் தொற்றிக்கொண்டார். அப்போதுதான் என் நினைவு வந்திருக்க வேண்டும். தலையை வெளியே நீட்டி, "பெட்டி பத்திரம்" என்று கத்தினார். வேலைக்குப் போகும் மகனுக்கு என்னென்னவோ சொல்ல வைத்திருந்திருப்பார். வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் நானும் பெட்டியும் மட்டும் இருந்தோம். சென்னை வண்டி வரும்வரை அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்தது. லீவு கிடைத்துப் போனபோது வீடு நிறைந்திருந்தது. தூளி, சாம்பிராணிப் புகை, மருந்து இடிக்கும் சத்தம். எதிர்வீட்டுப் பெரியம்மா மயிலத்தில் தன் தங்கையைத் தேற்றிவிட்டுத் திரும்பி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "இப்பத்தான் வந்து சேந்துதா உங்க பயணம்?" என்று மாமியார் கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவை மட்டும் காணோம்.

பொழுது சாயும் வேளையில் வெளியே யாரோ கனைப்பது கேட்டது. அக்கா குழந்தையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அப்பா தெருவில் நின்றுகொண்டிருந்தார். ஒரே அறை கொண்ட வீடு எங்களுடையது. கதவைத் திறந்தால் தெரு. சம்பந்தியம்மா இருக்கும் அறையில், மனைவி இல்லாத ஆண் எப்படிப் படுப்பது? அழைத்து வந்த அன்றே மண்டிக்குப் போய்விட்டாராம். சோறும் அங்கேதான் போகிறது. இந்த நேரத்துக்கு வந்து கனைப்பார். குழந்தையை வாசலில் வைத்தே வாங்கிக்கொள்வார். அது சிணுங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

அவரோடு மண்டிவரைக்கும் நடந்தேன். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் படுக்குமளவுக்கு இடம், இரண்டு சாக்கு விரித்திருந்தது. "இங்கியாப்பா படுத்துக்கிற?" என்றேன். அவர் சாக்கைத் தட்டிப் போட்டபடி, "வூடு நெறஞ்சி இருக்குதுடா" என்றார். அதில் குறை இல்லை. அவர் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் அக்கா புருஷன் வீட்டுக்குப் போனாள், மாமியாரும் போனாள். நான் சென்னையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். அந்தக் குழந்தை இப்போது ஓடியாடுகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கை அடுப்படியில் இருந்தாள், நான் பாயில் படுத்திருந்தேன். வெளியே கனைப்புச் சத்தம் கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடியும் கனைப்பு. தங்கை அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அப்பாதான். தெனமும் இப்பிடித்தான். நான் ஒருத்திதான் இருக்கேன்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு" என்றாள்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அப்பா தெருவில், எதிர்ச்சுவர் ஓரமாக, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

"உள்ள யாரும் இல்லப்பா. வா."

"தெரியும்டா" என்றார். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.