கூங் வாத்தியார் வீட்டில் மட்டும் கெட்டுப்போகும் ரேம்

தூ யூ-ஷியா அக்காவுக்கு மதர்போர்டுகள் மேல் கோபம் அதிகம். நம்பிக்கையும் அதிகம். குவாங்ஹுவா கணினிச் சந்தையின் இரண்டாம் மாடியில் அவள் கடைக்கு அடுத்த கடையில் நான் பத்தொன்பது வருடமாகக் கேபிள் விற்கிறேன். மற்றவர்கள் செத்துப்போச்சு என்று கைகழுவிய போர்டு அக்காவிடம்தான் வரும். அதிலிருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் சும்மா போட்டுவிட்டு, திரும்ப மாட்டி எழுப்பிவிடுவாள். எழுந்ததும் போர்டைத் திட்டுவாள். பிறகு அதைக் கொண்டுவந்தவரைத் திட்டுவாள். கடை போடுமுன் தாவ்யுவானில் ஒரு மதர்போர்டு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் சோதனை வரிசையில் நின்றவளுக்கு அந்த உரிமை இருந்தது.

அந்த அக்காவைத்தான் கூங் வாத்தியார், 'பழைய ரேமைப் புதுசு என்று விற்கிறவள்' என்று இணையத்தில் எழுதினார்.

கூங் வாத்தியார் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற மற்ற வாத்தியார்கள் மலை ஏறுகிறார்கள், பாட்டுக் கூடத்துக்குப் போகிறார்கள். இவருக்கு ஓவர்க்ளாக் பைத்தியம். பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருக்கும் ரேமை, மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் 6800இல் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் சிரிப்பு, ஓடாவிட்டால் அக்கா கடை.

ஜூலையில் முதல் தடவை வந்தார். மெஷின் நாற்பது நிமிடம் ஓடுகிறது, திரை கறுக்கிறது, தானாக எழுந்து பயாஸில் போட்டதையெல்லாம் மறந்துவிட்டுப் பழைய வேகத்துக்கே போய்விடுகிறது. அக்கா பயாஸைப் புதுப்பித்தாள். ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தாள். இடம் மாற்றினாள். மின்னழுத்தத்தைத் துளி ஏற்றினாள். பிறகு ஆறு மணி நேரம் ஓட்டினாள். ஒரு பிழைகூட இல்லை.

வாத்தியார் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனார். மறுநாள் காலையிலேயே போன். மறுபடியும் அதே கதை.

இரண்டாம் தடவை அக்கா ரேமையே மாற்றிக் கொடுத்தாள். கடையில் ஓடியது, வீட்டில் படுத்தது. மூன்றாம் தடவை பவர் சப்ளையை மாற்றினாள். கடையில் குதிரை மாதிரி ஓடியது. வீட்டில் நாற்பதே நிமிடம்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. வீட்டுல என்னத்த மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலம்மா. நீ குடுத்தத அப்படியே வச்சேன்."

"அப்போ இங்க ஆறு மணி நேரம் ஓடுனது என் மூஞ்சிக்காக ஓடுச்சா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். இங்க ஏதோ தில்லுமுல்லு பண்ணி ஓட்டிக் காட்டுற. ரேம் பழசு, ஒத்துக்க."

அன்று மாலையே அந்தப் பதிவு வந்தது. கடை எண்ணோடு, அக்காவின் முழுப் பெயரோடு. முந்நூறு பேர் விரும்பியிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து வருகிறவர்கள் ரேம் பெட்டியின் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். பத்து வருடமாக வாங்கும் ஒருவர், "இது புதுசுதானேக்கா?" என்று கேட்டார். அக்கா கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினாள். அங்கே தேட ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். வாத்தியார் என் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

"காசத் திருப்பிக் குடுத்துத் தலைமுழுகுக்கா" என்றேன்.

"குடுத்தா, ஆமா பழசுதான் வித்தேன்னு ஆயிடும்டா ஷெங். எம் பேரு என்ன ஆவுறது? கிளம்பு, அந்தாளு வீட்டுக்குப் போறோம்."

அக்கா யார் வீட்டுக்கும் போகிறவள் இல்லை. ஆகஸ்ட் வெயிலில், யோங்ஹேயில், லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி. ஏறும்போது ஒவ்வொரு மாடிக்கும் வாத்தியாரின் பரம்பரையை ஒரு தலைமுறை வீதம் திட்டிக்கொண்டே வந்தாள். வாத்தியாரின் மனைவி சில்லென்ற பூசணி டீ கொடுத்தார். அக்கா குடிக்காமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

சோதனையை ஓடவிட்டாள். முப்பத்தெட்டாம் நிமிடம் திரையில் வரிசையாகச் சிவப்புப் பிழைகள். வாத்தியார், "பாத்தியா, பாத்தியா?" என்றார். அக்கா ரேமின் சூட்டைப் பார்த்தாள். கடையில் நாற்பத்தெட்டு டிகிரி. இங்கே எழுபத்தொன்று. உள்ளே எல்லா ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தது. அலுத்துப்போய்ப் பெட்டியின் மேல் கையை ஊன்றியவள் சூடு பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

பெட்டியின் மேல் மூன்று பச்சைப் பொட்டலங்கள் இருந்தன. தேங்காய் ருசிப் பொரி. மெஷின் சமர்த்தாக இருக்கட்டும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் வைப்பது. ஆஸ்பத்திரியில் வைக்கிறார்கள், பேங்கில் வைக்கிறார்கள். பச்சைதான் வேண்டும், பிரித்துத் தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது; தாண்டினால் மெஷின் மக்கர் பண்ணும் என்று நம்பிக்கை. எங்கும் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. வந்து ஒரு மணி நேரமாக எங்கள் கண்ணிலும் படவில்லை. பெட்டியிலிருந்து சூடு வெளியேறும் மேல் வலையை மூன்றும் சேர்ந்து இடைவெளியில்லாமல் மூடியிருந்தன. வாத்தியார் பேனாவால் ஒவ்வொன்றிலும் '6800, ஒழுங்காக ஓடு' என்று எழுதியும் வைத்திருந்தார்.

"சார், இத எப்போ வச்சீங்க?"

"ரேம் வாங்குன அன்னிக்கே. போர்டுக்கு ஒண்ணு, ரேமுக்கு ரெண்டு."

"கடைக்குக் கொண்டுவரும்போது?"

"பஸ்ல நசுங்கிடாதா? எடுத்து சாமி மேடையில வச்சிட்டுதான் வருவேன்."

"ஒண்ணுமே மாத்தலன்னீங்களே!"

"இதெல்லாமா மாத்துறதுல சேத்தி?"

அக்கா எழுந்தே விட்டாள். "முப்பத்தோரு வருஷம் புள்ளைங்களுக்குச் சூடான காத்து மேல போவும்னு பாடம் நடத்துனீங்கல்ல? அது போற வழியிலயே மூட்டையப் போட்டு அடைச்சிருக்கீங்களே, நியாயமா சார்?"

வாத்தியாரின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டார். அக்கா பொட்டலங்களை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள். சோதனை இரண்டரை மணி நேரம் ஓடியது. சூடு ஐம்பதைத் தாண்டவில்லை. பிழை ஒன்றுகூட இல்லை. வாத்தியார் பொட்டலம் ஒன்றைக் கையிலெடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிந்தது. வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேறொரு பதிவு வந்தது. தப்பென்றால் ஒத்துக்கொள்கிற மனிதர், குறை சொல்லக் கூடாது. 'தூ அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் விற்ற ரேம் புத்தம் புதியது. தவறு என்னுடையது. பொட்டலங்களின் தேதி ஜூனிலேயே முடிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. புதிதாக மூன்று வாங்கி மேஜையில் வைத்திருக்கிறேன். 6800இல் அருமையாக ஓடுகிறது.'

ஆயிரத்து நூறு பேர் விரும்பியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் கடையில் கூட்டம். முத்திரையை ஒருவரும் சுரண்டவில்லை. "வாத்தியார் வாங்குன அதே ரேம் குடுங்கக்கா. பொட்டலம் எந்த மாசத்து தேதி இருந்தா நல்லது?" என்றார்கள்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பதிவின் கீழே நீளமாக எழுதினாள். கடையில் எத்தனை டிகிரி, வீட்டில் எத்தனை டிகிரி, வலை எங்கே இருக்கிறது, காற்று எப்படிப் போகிறது, எல்லாம் எழுதினாள். ஐந்தே நிமிடத்தில் முதல் பதில் வந்தது: 'அக்கா சொல்வது ரொம்பச் சரி. தேதி முடிந்துவிட்டால் சூடு ஏறத்தான் செய்யும்.'

நான் என் போனை எடுத்தேன். "நான் எழுதட்டுமாக்கா? நல்லா நாலு வார்த்தை கேக்குறேன்."

"விடுடா" என்றாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். கண் சிவந்திருந்தது. "திருடி இல்லன்னு ஒத்துக்கிட்டாங்கல்ல, போதும். வேலை தெரிஞ்சவள்னும் ஒத்துக்க வைக்கணும்னா, ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நாலு மாடி ஏறணும்."