சிக்னல் மேட்டில் ஊருக்காகப் பேசியவர்

கிளாவரை மலைக்கிராமத்தில் நான் பூண்டு மூட்டை சுமந்தபோது, சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் அவர் உட்கார்ந்திருப்பார். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தங்கள் போன்களை அவரிடம் விட்டுப் போவார்கள்; வரும் அழைப்புகளுக்கு அவர்தான் பதில் சொல்வார். கூலியாக அரிசியோ காய்கறியோ தருவார்கள். குரங்குக் குல்லாயைக் கழற்றாமல் எந்த போனிலும் பேசமாட்டார்.

தேர்தல் சமயத்தில் கருத்துக்கணிப்புக்காரர்கள் அந்த போன்களுக்கெல்லாம் அழைத்து, ஊருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். போன்காரர்கள் சொல்லி வைத்ததை அவர் அப்படியே சொன்னார்: "செல்போன் டவர் வேணுமாம்ங்க."

"டவர் வந்தா உங்க பொழப்பு போயிருமேண்ணே?" என்றேன்.

"அவுக போன்ல அவுக பேச்சத்தான் சொல்லணும். என் போன் அடிக்கட்டும், டவர் வேணாம்னு சொல்லிப்புடுறேன்."

ஒருநாள் அதுவும் அடித்தது. வயதைச் சொன்னதும் மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

"இந்த வயசு ஆம்பளைக நெறையப் பேர் பேசிட்டாகளாம், போதுமாம்."

"அப்படி யாருண்ணே பேசுனது?"

"எல்லாப் போன்லயும் நாந்தேன்."

சற்று நேரத்தில் ஒரு பெண்ணின் போன் அடித்தது. அதே கருத்துக்கணிப்புக்காரர்கள்தான்; கணக்கில் பெண்கள் குறைகிறார்களாம், அவளுக்காக வீட்டு ஆள் சொன்னாலும் போதுமாம். மேட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"அந்தப் புள்ளைக்கும் டவர்தேன் வேணுமாம்ங்க" என்றார்.

நானாக இருந்தால் டவரைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருப்பேன்.