'யாரும் பாக்கி இல்லை' என்றது போன்

சென்ற வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம், எங்கள் கோவில் பெண்கள் சங்கத்தில் இருபத்திரண்டு பேர் இரண்டு வேன்களில் கொடைக்கானலில் இருந்து கூக்கால் ஏரிக்குப் போனோம்.

நான் வீட்டிலிருந்தே பி.எச்.பி.யில் இணையதளங்கள் எழுதிக் கொடுப்பவள். பன்னிரண்டு வருட அனுபவம். அப்போதுதான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு கணினி மொழியைக் கற்க ஆரம்பித்திருந்தேன். அர்ரே, ஆப்ஜெக்ட், லூப் எல்லாம் தெரிந்ததுதானே என்கிற தெனாவட்டு வேறு. வழக்கமாகச் சங்கத் தலைவி நோட்டைப் பார்த்துப் பெயர் வாசிப்பார், நாங்கள் கை தூக்குவோம். இந்தத் தடவை நோட்டு வேண்டாம், போனிலேயே செய்து தருகிறேன் என்று முந்திரிக்கொட்டையாகப் போய்ச் சொன்னேன்.

போனில் ஒவ்வொரு பெயராக வரும். ஆள் இருந்தால் 'வந்தாச்சு' என்பதைத் தொட வேண்டும். இல்லையென்றால் தொடாமல் அடுத்த பெயருக்குப் போகலாம். கடைசியில் யார் பாக்கி என்று காட்டும். காலையில் 'யாரும் பாக்கி இல்லை' என்றது. நிஜமாகவே எல்லாரும் வந்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலை திரும்பும்போது ஏரி மேல் பனி இறங்கிவிட்டது. என் மாமியார் பெயர் வந்தபோது ஆளைக் காணோம். தொடாமல் அடுத்த பெயருக்குப் போனேன். கடைசியில் பார்த்தால், 'யாரும் பாக்கி இல்லை'. எனக்குக் குழப்பம். கை தவறித் தொட்டிருப்பேனோ? அத்தை தோழிகளோடு முன் வேனில் ஏறியிருப்பாரோ? நான் எழுதியது தப்பாகச் சொல்லுமா என்று நினைத்து, வண்டியை எடுக்கச் சொன்னேன்.

பூம்பாறையில் டீ குடிக்க நின்றோம். முன் வேனில் இருந்து அத்தை இறங்கவில்லை.

"உங்க அத்தை உங்க வண்டியிலதான வாராங்க?" என்றார் தலைவி.

"வந்தாச்சுன்னு காட்டுதுங்களே" என்று போனை நீட்டினேன்.

"போனு கெடக்கட்டும், ஆளு எங்கங்க?" என்றார் டிரைவர்.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். அங்கே சிக்னலும் கிடையாது, பஸ்ஸும் எப்போதோ ஒன்றுதான். வண்டியைத் திருப்பினோம். வழி முழுக்க அவருக்கு என்ன ஆனதோ என்ற பயம். அதற்கு நடுவிலும், தொடாத பெயர் எப்படி வந்த கணக்கில் சேர்ந்தது என்றே மண்டை குடைந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஏரிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரம் பூண்டுக் காட்டில் வேலை செய்த ஒரு பெண், தன் ஸ்வெட்டரைக் கழற்றி அத்தைக்குப் போட்டுவிட்டு, தின்ன வெல்லமும் கொடுத்து, கூடவே நின்றிருந்தார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. அத்தை திட்டுவார் என்று நினைத்தேன். "ஏத்தா, நான் வரலைன்னு உனக்குக்கூடவா தெரியல?" என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள்தான் பிடிபட்டது. 'வரவில்லை' என்று ஒரு ஆப்ஜெக்ட், அதாவது ஒரு சீட்டு மாதிரி, எழுதி, லூப் போட்டு எல்லாப் பெயருக்கும் அதையே கொடுத்திருந்தேன். பி.எச்.பி.யில் அர்ரேயை அப்படிக் கொடுத்தால் ஆளுக்கொரு நகல் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் நகல் எடுக்காது, இருபத்திரண்டு பேருக்கும் அந்த ஒன்றேதான். ஒருத்தி வந்துவிட்டால் எல்லாரும் வந்ததாகிவிடும். ஒரே ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கிண்டல் தொடங்கியது. "மாமியார வேணும்னே விட்டுட்டு வந்துட்டியாக்கும்?"

நான் வாய் திறக்குமுன் அத்தை குறுக்கே வந்தார். "அவ என்னத்தச் செய்வா? நாந்தேன் யார்ட்டயும் சொல்லாம பூண்டு வாங்கப் போயிட்டேன்."

அதைக் கேட்டதும்தான் எனக்குச் சுரீரென்று ஞாபகம் வந்தது. அன்று மாலை வேன் பக்கத்தில் அத்தை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். போனில் பெயர்களைத் தொட்டபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரிங்கத்தை" என்று தலையாட்டியவள் நான்.

கோவில் வாசலில் நின்று எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்க்கு இன்றுவரை என்னால் நன்றி சொல்ல முடியவில்லை. அவர் பேச ஆரம்பித்தால் மட்டும், எந்த வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன்.