வாய் திறந்த வீராசாமி

மேனாம்பேட்டு வீராசாமியிடம் மணி கேட்டால் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுவார். வாயால் சொல்ல மாட்டார். கர்வமெல்லாம் இல்லை, பாவம். மீசை முளைத்த வயதிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. டீ வேண்டுமா, கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்க்க வேண்டும். சூப்பர்வைசர் வருகிறாரா, தோளில் இரண்டு தட்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போதும் என்பதற்கும் கை, குழம்பு பிரமாதம் என்பதற்கும் கை. "பொண்ணு பாக்க வந்தப்ப பேசுனாரு. அதோட ஸ்டாக் தீந்துபூச்சு" என்பார் அவர் மனைவி மதிவதனி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் பானுப்பிரியா பிடித்தார். சிறுநீரகம் கெட்ட பிள்ளைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, அம்பத்தூரிலிருந்து பாண்டிச்சேரி வரை சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்த நர்ஸம்மா. கொரட்டூரில் கீபோர்டு சொல்லித்தரும் ரிச்சர்டும் வர ஆசைப்பட்டார். ரிச்சர்டுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிள் ஒன்று கிடைத்தது; முன்னால் உட்கார்ந்து ஓட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. காலமெல்லாம் சைக்கிளிலேயே வேலைக்குப் போகும் வீராசாமியைப் பானுப்பிரியா கேட்டார். வீராசாமி தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

முதல் பயிற்சி வானகரம் சர்வீஸ் ரோட்டில். காலால் மிதிப்பதில் இருவருமே சூரர்கள், வண்டி பறந்தது. திடீரென்று எதிரே ஒரு பெரும் பள்ளம். வீராசாமி என்ன செய்தார் தெரியுமா? இடது கையைத் தூக்கி, மெதுவாக, மெதுவாக என்று அழகாகச் சைகை காட்டினார். பின்னால் இருந்தவர் முழு மூச்சாக மிதித்தார். இருவரும் தார் ரோட்டில் உருண்டார்கள்.

"இன்னா அண்ணாத்தே, ஒண்ணுமே சொல்லல?" என்றார் ரிச்சர்டு, முழங்கையைத் தடவிக்கொண்டே.

"கைய காட்னேன் தம்பி."

ரிச்சர்டு அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்கா? எனக்கா கைய காட்ன?"

அவர் மனைவி ரெனிதா சிரிக்கவில்லை. காயத்துக்கு மருந்து போட்டபடியே சொன்னார்: "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க வாய்தான் இவருக்குக் கண்ணு. அது தொறக்கலன்னா நான் அனுப்ப மாட்டேன்." அடுத்த ஞாயிறு பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு ஓட்டம், அதில் சரிப்பட்டு வந்தால்தான் பாண்டிச்சேரி என்று பானுப்பிரியாவும் சொல்லிவிட்டார். வேறு ஆள் இல்லை. தன் வாய் திறக்காததால் இன்னொருவர் ஆசை நின்றுபோகுமே என்று வீராசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியெல்லாம் காலி கேரியரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "பள்ளம் வருது... ஆட்டோ நிக்குது... ரைட்ல திரும்புறோம்..." தெருவே வேடிக்கை பார்த்தது. டீக்கடை சரசா மதிவதனியிடம் ஓடிவந்தார்: "ஏங்க்கா, உங்க ஊட்டுக்காரரு தனியா பேசிக்கினு போறாரு, எதுக்கும் மந்திரிச்சி உடு!" கேலிக்கு அஞ்சி வாயை மூடுகிற ஆளா அவர்? தொண்டை கரகரக்கும்வரை பேசினார். அந்த வைராக்கியத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

மதிவதனிக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. "கேரியரோட பேசுற. எங்கூட ரெண்டு வார்த்த பேசுனா கொறஞ்சா பூடுவ?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். வீராசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிறு வந்தது. முதல் "பள்ளம்!" சக்கரம் இறங்கிய பிறகுதான் வந்தது. "உழுந்தப்புறம் சொல்றதுக்கு நீ எதுக்கு நைனா?" என்று ரிச்சர்டு சீண்டினார். அடுத்தது சரியாக வந்தது. பூந்தமல்லி தாண்டியதும் பிரேக், மேடு, லாரி, மாடு எல்லாம் மழையாகக் கொட்டியது. திரும்பி வந்தபோது ரெனிதா இருவர் கையிலும் மோர் டம்ளரைத் திணித்தார்.

பாண்டிச்சேரிப் பயணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழவழவென்று கிடந்தது. சொல்ல ஒன்றுமில்லாமல் வீராசாமி மௌனமானார்.

"இன்னா, சத்தத்தையே காணோம்?"

"பள்ளம் இல்ல தம்பி."

"பள்ளம் இல்லன்னா, இன்னா கீதோ அத சொல்லு."

வீராசாமி திகைத்தார். இப்படி யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. மெதுவாகத்தான் தொடங்கினார். தென்னைக்கு நடுவே கடல் தெரிகிறது என்றார். ஒரு நாய் நம்மையே பார்க்கிறது என்றார். மரக்காணத்தில் உப்பைக் குவித்து வைத்திருக்கிறார்கள், வெயிலில் கண்ணு கூசுது என்றார். பின்னாலிருந்து "அப்புறம்?" என்று கேள்வி வந்துகொண்டே இருந்தது. பாண்டிச்சேரி வரை அவர் வாய் ஓயவில்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. "எப்டி இருந்துச்சு?" என்று மதிவதனி ஆசையாகக் கேட்டார். வீராசாமி வழக்கம்போலக் கையைத் தூக்கினார்.

மதிவதனி சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எனக்கும் கண்ணு தெரிலன்னு வச்சிக்கோ. வாயால சொல்லு."

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றுபோல வந்த குரலில், அம்பத்தூரைத் தாண்டியதிலிருந்து எல்லாவற்றையும் வீராசாமி சொல்லத் தொடங்கினார். மதிவதனியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "அப்புறம்?" என்றார்.